வளரும் இரும்பும் சோம்பேறி நிக்கலும்

உப்போடைப்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் சொல்கிற கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை நாங்களே சொல்லிப் பரப்பினோம். அடுத்தவன் சொன்னால் எங்கள் முட்டாள்தனத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவானோ என்ற கவலைதான் காரணம்.

எங்கள் ஊரில் உப்பு காய்ச்சும் சங்கம் ஒன்று இருக்கிறது. உப்பளத்துத் தண்ணீரைப் பெரிய தொட்டியில் ஊற்றி, அடியில் தீ மூட்டிச் சுண்டக் காய்ச்சினால் மாவு மாதிரி உப்பு இறங்கும். சங்கத்துக்குச் செயலாளர் சேர்மதுரை. மூன்று பேர் நின்ற தேர்தலில் மற்ற இரண்டு பேரும் தங்கள் ஓட்டையே இவருக்குப் போட்டதால் ஜெயித்தவர்.

பதவிக்கு வந்ததும் சேர்மதுரை செய்த முதல் காரியம், சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒரு இரும்புத் தொட்டி வாங்கியது. எட்டே மாதத்தில் உப்பு தேயிலை நிறத்தில் இறங்க ஆரம்பித்தது. பிஸ்கட் கம்பெனி இரண்டு லோடைத் திருப்பி அனுப்பியது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் வெள்ளை உப்பு வராவிட்டால் ஆர்டர் கிடையாது என்று கடிதமும் வந்தது. சங்கத்துக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான். அதை நம்பி நாற்பது குடும்பம்.

சேர்மதுரைக்குச் சோறு இறங்கவில்லை. "நாப்பது வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே, மடையா!" என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். கண்ணாடிக்குள் இருந்தவரும் அதே நேரத்தில் வாயசைத்துத் திட்டியதால் மனசு இன்னும் கனத்துப்போனது.

தூத்துக்குடியிலிருந்து ஹெலன் என்ற என்ஜினியர் வந்தார். உலோகத் தகடு விற்கிறவர், பொறுமைசாலி. சிலேட்டு அளவில் நான்கு தகடுகளை மேசைமேல் பரப்பினார். முதலாவது சாதா இரும்பு. இரண்டாவது எவர்சில்வர். மூன்றாவது, நிக்கலில் செம்பு கலந்தது. நான்காவது, நிக்கலில் குரோமியமும் இன்னும் சிலதும் கலந்தது. அதே வரிசையில் விலையும் ஏறியது. நான்காவதின் விலையைக் கேட்டதும், சங்கத்தில் எடை போடுகிற ஞானதிரவியம் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதுவரை அவர் கலெக்டருக்குத்தான் அந்த மரியாதை செய்திருந்தார்.

"நான் சொன்னா, விக்க வந்தவ அப்படித்தான் சொல்லுவான்னு நினைப்பீங்க. நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க" என்றார் ஹெலன். "முதல்ல எடை போட்டு எழுதி வைங்க. அப்புறம் தனித்தனி வாளியில, உப்புத் தண்ணியில ஏழு நாள் போட்டு வைங்க. ஏழு நாளும் யாரும் தொடக்கூடாது. எட்டாம் நாள் மறுபடி எடை போட்டா, எது உழைக்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்."

அவர் பஸ் ஏறியதும் நாங்கள் முதல் வேலையாகத் தகடுகளை நக்கிப் பார்த்தோம். எங்கள் ஊரில் நாக்கில் வைக்காமல் எதையும் வாங்குவதில்லை. வேட்டி எடுத்தாலும் கரையை நக்கிப் பார்த்துத்தான் எடுப்போம்.

"இரும்புல ஒரு ருசி இருக்கு. நிக்கல் சப்புனு இருக்கே, அண்ணாச்சி" என்றாள், தொட்டியில் உப்பு வாருகிற பேச்சித்தாய்.

"விலை கூடின ஓட்டல்ல சாப்பிட்டது இல்லியா நீ? அங்கயும் இப்படித்தான்" என்றார் ஞானதிரவியம்.

எடையை எழுதிக்கொண்டதும் தகடுகள் வாளிக்குள் போயின. மூன்றாம் நாள் நான்காவது வாளிக்குள் ஒரு நண்டு இறங்கி, நிக்கல் தகட்டின்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது. அவசரக் கூட்டம் கூடியது.

"நண்டை எடுத்துப் போடணும்" என்றாள் பேச்சித்தாய்.

"எடுக்கணும்னா கையை உள்ள விடணும். கையை விட்டா தகட்டைத் தொட்ட மாதிரி ஆயிரும். மேடம் என்ன சொன்னாவ?" என்றார் சேர்மதுரை.

"நண்டு தொட்டுக்கிட்டுல்லா இருக்கு?"

"மேடம் நம்மகிட்டதான் சொன்னாவ. நண்டு அன்னைக்குக் கூட்டத்துக்கு வரல. அதைக் குத்தம் சொல்லப்பிடாது."

இந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எட்டாம் நாள் வரை நண்டுக்கு இரண்டு வேளை சோறு போடுவதென்று தீர்மானம் நிறைவேறியது.

எட்டாம் நாள் தராசு வைத்தார்கள். செம்பழுப்பாக, பருபருவென்று மேலெல்லாம் பூத்துப்போய் வெளியே வந்த இரும்புத் தகட்டை ஞானதிரவியம் அப்படியே தூக்கி வைத்தார். ஒரு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட எடை கூடியிருந்தது. எவர்சில்வர் அதே எடை. செம்பு நிக்கல் அதே எடை. நான்காவது மட்டும் கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. நண்டை இறக்கிவிட்டு வைத்ததில் அதுவும் பழைய எடைக்கே வந்தது.

"இரும்பு வளந்திருக்கு!" என்றார் சேர்மதுரை.

"ஏழே நாள்ல! நிக்கலைப் பாருங்க. அத்தனை விலை சொல்லிட்டு, ஒரு வாரமா தண்ணியில சும்மா படுத்துக் கிடந்துட்டு எழும்பி வந்திருக்கு. சோம்பேறிக் கழுதை" என்றார் ஞானதிரவியம்.

"அப்போ பாதி அளவுல இரும்புத் தொட்டி வாங்கினாப் போதுமே. மீதியை அது தானா வளந்துக்கிடும்" என்றாள் பேச்சித்தாய்.

சேர்மதுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முன்பு வாங்கியதும் இரும்புதானே! நாமும் ஒரு அறிவாளிதான் போலிருக்கிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. உடனே ஹெலனுக்குப் போன் போட்டுச் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். "எதையும் வாங்கிராதீங்க, நான் வாறேன்" என்று பதில் வந்தது.

வந்தவர் ஒரு கம்பிப் பிரஷால் இரும்புத் தகட்டைத் தேய்தேய் என்று தேய்த்தார். செம்பழுப்புத் தூள் கொட்டியது. மறுபடி தராசில் வைத்தால், முதல் நாளைவிட எடை குறைந்திருந்தது.

"இது வளர்ச்சி இல்ல, துரு. தகடு அரிச்சுக் கரைஞ்சு வந்தது. உங்க உப்புல வந்த நிறமும் இதுதான். அது உப்போட நிறம் இல்ல, உங்க தொட்டியோட நிறம்" என்றார் ஹெலன்.

சேர்மதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ எட்டு மாசமா பிஸ்கட் கம்பெனிக்காரனுக்கு நான் தொட்டியையா வித்துக்கிட்டு இருந்தேன்? என்னைச் செயலாளர் ஆக்கினதுக்குப் பதிலா அந்த நண்டை ஆக்கியிருக்கலாமே!"

நண்டு ஊரை விட்டுப் போய்விட்டதால் இந்த யோசனை அத்தோடு நின்றது.

முழுத் தொட்டியையும் நிக்கலில் செய்யத் தேவையில்லை, இரும்பில் புதுத் தொட்டி செய்து, தண்ணீர் படுகிற உள்பக்கம் முழுக்க நான்காவது வகையில் மெல்லிய தகடு பொருத்தினால் போதும், செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்றார் ஹெலன். நடுவில் உள்ள இரண்டு வகையும் பச்சைத் தண்ணீரில்தான் தாங்கும், கொதிக்கிற உப்புத் தண்ணீரில் நாளடைவில் அரித்துவிடும் என்றும் சொன்னார். சங்கத்துக் கையிருப்பெல்லாம் தகடாக மாறியது. வெல்டர் பிச்சைக்கனி ஒரு இடுக்கு விடாமல் பற்றவைத்தார். சேர்மதுரை குனிந்து பார்த்தால் தொட்டிக்குள் தன் முகம் தெரிந்தது. இந்த முறை அவர் திட்டவில்லை.

பதினான்காம் தேதி தீ மூட்டினார்கள். உப்பு இறங்கியது. மல்லிகைப் பூ தோற்றுவிடும், அப்படி ஒரு வெள்ளை. இருபது மூட்டை. மறுநாள் கம்பெனி அதிகாரி தைரியநாதன் லாரியோடு வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பிரமாதம்! ஆர்டர் உங்களுக்குத்தான். மூட்டையை ஏத்துங்க."

ஒருவரும் அசையவில்லை. சேர்மதுரை உள்ளங்கையில் இருந்த உப்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். உப்பு பளபளத்தது. தொட்டியும் பளபளத்தது. அவர் முகம் வெளிறிப்போய், லாரிக்குக் குறுக்கே போய் நின்றார்.

"தர முடியாது சார்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"இரும்புத் தொட்டி கரைஞ்சப்போ உப்பு இரும்பு நிறத்துல வந்துது. இப்போ நிக்கல் நிறத்துல வருது. ஒரே நாள்ல இருபது மூட்டை தகடு கரைஞ்சிருக்கு சார்! நாப்பது குடும்பத்துச் சொத்து. இதை உப்பு விலைக்கு உங்ககிட்ட குடுத்துட்டு நாங்க எங்க போவோம்?"

"இது உப்புதாங்க!"

"எட்டு மாசம் நாங்களும் அப்படித்தான் நினைச்சு ஏமாந்தோம்" என்றார் ஞானதிரவியம்.

தைரியநாதன் அரை மணி நேரம் விளக்கினார். பேச்சித்தாய் மூட்டைகளின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். தான் நிற்பது எந்த ஊர் என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, உங்க தகடு எனக்கு வேண்டாம். இதைப் போட்டு பிஸ்கட் பண்ணுவோம். வாராவாரம் ஒரு பெட்டி பிஸ்கட்டா உங்க தகட்டைத் திருப்பி அனுப்பிடுறேன். எழுதித் தரட்டுமா?"

சபை கூடிப் பேசியது. மனுஷன் நாணயமானவர் என்று முடிவானது. மூட்டைகள் ஏறின, ஆர்டரும் நிலைத்தது. சேர்மதுரை அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

சொன்னபடி அடுத்த வாரமே ஒரு பெட்டி பிஸ்கட் வந்தது. சேர்மதுரை ஒன்றைக்கூட யாரையும் தின்ன விடாமல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிச்சைக்கனி பட்டறைக்கு ஓடினார்.

"தகடு வந்துட்டு. தொட்டிக்குள்ள எங்கெங்க தேஞ்சிருக்கோ, அங்கெல்லாம் வச்சுப் பத்த வச்சிரும்."

பிச்சைக்கனி ஒரு பிஸ்கட்டை எடுத்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, நக்கியும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சாதா பிஸ்கட்னா இப்பவே பத்த வச்சிருவேன், அண்ணாச்சி. இது கிரீம் வச்சதுலா? நடுவுல இருக்கது என்ன உலோகம்னு மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."