மைனஸ் நாலு பல்

மதகுப்பட்டணத்தில் கம்ப்யூட்டரும் உண்டு, ராஜாவும் உண்டு. அது எப்படி என்று கேட்டால் கதை நின்றுவிடும்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் தெய்வானை என்று ஓர் அறிவியல் டீச்சர். பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்தில் அவரைக்கொடி வளர்க்க வைத்தாள். வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏற்றச் சொன்னாள். ஒரு கட்டத்தில் ஆறு அங்குலம், அடுத்ததில் எட்டு, அதற்கடுத்ததில் "ஆடு மேய்ந்துவிட்டது".

பார்வையிட வந்த ராஜா திடவர்மர் முகம் சுளித்தார். கூட வந்த மந்திரி அகோரமூர்த்திக்கு அந்தத் தோட்டத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். தன் ரதத்தை நிறுத்த நிழலான இடம் வேண்டுமே!

"மகாராஜா, இதற்கு மண் எதற்கு, தண்ணீர் எதற்கு? இரண்டு கட்டத்தில் எண்ணைப் போட்டு, மூலையைப் பிடித்து இழுத்தால் மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். கட்டம் பொய் சொல்லாது" என்று இழுத்தும் காட்டினார். பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று கட்டங்கள் சரசரவென்று நிரம்பின.

ராஜாவுக்குப் பரம திருப்தி. "ஆடு இல்லை, அழுக்கு இல்லை. தோட்டத்தை இழுத்து மூடுங்கள். டீச்சரையும் நாளையோடு அனுப்பிவிடுங்கள்."

தெய்வானை ஓர் அடி முன்னால் வந்தாள். "இழுத்த கட்டத்துக்குள்ள ஆடு வராதுங்க மகாராஜா. தோட்டத்துக்குள்ள வரும். அதைத்தான் பிள்ளைங்க கத்துக்கணும்" என்றாள். யார் காதிலும் ஏறவில்லை.

அரசவை விகடர் மயிலேறியின் காதில் மட்டும் ஏறியது. அவருக்கு டீச்சர் மேல் மதிப்பு. மந்திரி மேல் அதைவிடப் பெரிய எரிச்சல்.

மறுநாள் பல் பிடுங்கும் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். வைத்தியர் கையில் குறடு.

"என்ன ஓய் இது?" என்றார் ராஜா.

"மகாராஜாவின் பற்களைக் கட்டத்தில் ஏற்றினேன். போன தீபாவளிக்கு இருபத்தெட்டு. கமர்கட் புண்ணியத்தில் இந்தத் தீபாவளிக்கு இருபத்தாறு. மந்திரியார் காட்டிய வழியில் மூலையைப் பிடித்து இழுத்தேன். பதினைந்து வருஷம் கழித்து மைனஸ் நாலு என்று வருகிறது."

"மைனஸ் நாலு பல்லா? அப்படியென்றால்?"

"உள்ளதெல்லாம் கொட்டிப்போய், மேற்கொண்டு நாலு பல் பாக்கி. நம் ராஜா கடனாளி ஆகலாமா? கட்டம் பொய் சொல்லாது என்றவர் மந்திரியார். அந்த நாலையும் அவர் வாயிலிருந்தே இப்போது வாங்கி வைத்துவிடுவோம்."

வைத்தியர் குறடைத் துடைத்துக்கொண்டார்.

மந்திரி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். "மகாராஜா, இழுத்தால் வருவது வெறும் ஊகம். நிஜத்தில் எத்தனை என்று வருஷா வருஷம் எண்ணித்தான் பார்க்க வேண்டும்" என்று விரலிடுக்கு வழியாகச் சொன்னார்.

"அவரைக்கொடியையும் அளந்துதானே பார்க்க வேண்டும்?" என்றார் மயிலேறி.

"அதையும்தான்."

ராஜா இருபத்தாறும் தெரியச் சிரித்தார். தோட்டம் தப்பியது, தெய்வானையின் வேலை நிலைத்தது, விகடருக்கு முத்துமாலை கிடைத்தது.

"சரி, மந்திரிக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

"தண்டனை எதற்கு மகாராஜா? அவருக்கு இழுப்பதென்றால் ஆசை. கிணற்றிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் இழுக்கட்டும்."