ஓநாயைக் கட்டிப்போட்ட அரசன்

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! வெயிலைக் கடன் வாங்கித்தான் காய வேண்டும் என்னும் அளவுக்குக் குளிரான வடகோடி நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஹாரெக் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

நம் தெய்வங்கள் சூரனை வென்று வாகனம் ஏறித் திரும்பிவிடும். நாமும் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவோம். அந்த நாட்டுத் தெய்வங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அங்கே ஃபென்ரிர் என்று ஒரு ராட்சத ஓநாய். தெய்வங்கள் அதைத் தந்திரமாகக் கட்டிப்போட்டிருந்தன. ஆனால் உலகம் முடியும் நாளில் அந்தக் கட்டு அறும். தெய்வங்களின் அரசனான ஓதினை ஓநாய் விழுங்கும். இது ஓதினுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் அவன் அன்றைக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போவான். அவன் விழுந்ததும் அவனுடைய மகன் வீதார் வருவான். வாயைத் திறந்து அதிகம் பேசாத பிள்ளை. ஓநாயின் கீழ்த்தாடையில் காலை ஊன்றி அதன் வாயைக் கிழித்துப் போடுவான்.

ஓநாயின் வாய்க்குள் காலை வைப்பதென்றால் சும்மாவா? செருப்பு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்! அதனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம். செருப்புத் தைக்கிறவர்கள் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி எடுக்கிற தோல் துண்டுகளைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார்கள். “வீதாருக்கு” என்று சொல்லி வெளியே எறிந்துவிடுவார்கள். அந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்துதான் வீதாரின் செருப்பு ஆகும் என்பது நம்பிக்கை.

அப்படி எறிகிறவர்களில் ஒருத்தி யோருன். கடல்கொள்ளையர் பயம் உள்ள துறைமுகத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த கைம்பெண். தையல் சுத்தமாக இருக்கும். வாய்தான் கொஞ்சம் துடுக்கு.

ஒருநாள் விருந்தில் இந்தக் கதையைக் கேட்ட அரசன் ஹாரெக்குக்குச் சோறு இறங்கவில்லை. தெய்வங்களின் அரசனுக்கே இந்தக் கதி என்றால், மனிதர்களின் அரசன் எம்மாத்திரம் என்று ஜனங்கள் நினைக்க மாட்டார்களா? அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்தது.

மறுநாளே முரசறைந்தான். “இன்று முதல் ஓநாயின் கட்டு அறாது. ஓதின் சாக மாட்டான். வேறு விதமாகக் கதை சொல்கிறவனுக்கு நாக்கு இருக்காது.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஆனால் அதை அரசனிடம் யார் சொல்வது? கவிஞர்கள் தலையாட்டினார்கள். பூசாரிகள் தலையாட்டினார்கள். படைவீரர்கள் புதிய கதையைப் பாட்டாகவே பாடினார்கள். “அறாது அறாது, கட்டு அறாது! தோற்கோம் தோற்கோம், நாம் தோற்கோம்!” என்று பாடியே அவர்களுக்கு உடம்பு பெருத்தது.

ஓநாய் அவிழாது என்றால் வீதாருக்குச் செருப்பு எதற்கு? தோல் எறிவதும் குற்றமாயிற்று. ஊரே நிறுத்திவிட்டது. யோருன் மட்டும் நிறுத்தவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

“யாருக்கும்மா தோலை எறியுற?” என்று அரசன் முதலில் இதமாகத்தான் கேட்டான்.

“வீதாருக்கு, ராசா.”

“ஓநாய்தான் அவுறாதுன்னு நான் சொல்லிட்டேனே!”

“நீங்க சொன்னது ஓநாய்க்குத் தெரியுமா, ராசா?”

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அரசன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை எச்சரித்து அனுப்பினான். அவள் வீட்டுக்குப் போன கையோடு மறுபடி தோல் எறிந்தாள்.

இரண்டாம் முறை அரசன் புத்திசாலித்தனமாக மடக்கப் பார்த்தான். “எனக்கு ஒரு ஜோடி செருப்புத் தை. ஒரு துண்டுகூட வெட்டி எறியக் கூடாது. மீறினா தண்டனை.”

அவளும் தைத்துக் கொண்டுவந்தாள். அரசன் சபை நடுவே அதை மாட்டிக்கொண்டு எழுந்தான். முன்னால் ஒரு சாண் தோல், பின்னால் ஒரு சாண் தோல். இரண்டு அடி வைத்தான், மூன்றாவது அடியில் குப்புற விழுந்தான்.

“என்னடி இது?” என்று கத்தினான்.

யோருன் கைகட்டி நின்று சொன்னாள்: “வெட்டக் கூடாத எடத்துல நீங்க கதையை வெட்டுனீங்க. வெட்ட வேண்டிய எடத்துல நான் தோலை வெட்டல. ரெண்டுமே நடக்காது, ராசா.”

இந்தத் தடவை சிரிக்க யாருக்கும் துணிவில்லை. அவளைச் சிறையில் போட்டார்கள்.

மூன்றாம் முறை அரசன் நேராகவே விஷயத்துக்கு வந்தான். “நாளைக்குக் காலையில ஊர் ஜனம் முன்னால, ஓநாய் அவுறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். சொல்லலேன்னா, ஊசி புடிக்கிற கையை வெட்டிடுவேன்.”

யோருனுக்குப் பயம் வராமல் இல்லை. வந்தது. அந்தக் கை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

காலையில் கடற்கரையில் ஒரு மரக்கட்டையை உருட்டிப் போட்டார்கள். அவளைக் கயிற்றால் கட்டி, வலக்கையைக் கட்டையின் மேல் வைத்தார்கள். ஊரே கூடி நின்றது.

“சொல்லு” என்றான் அரசன்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “ஓநாய் அவுறும்.”

கோடரி மேலே போனது. அந்த நேரத்தில் மலை முனையிலிருந்து காவல்காரனின் கொம்பு அலறியது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கொள்ளையரின் பாய்மரங்கள்! எண்ணிப் பார்க்க யாருக்கும் நெஞ்சில் தெம்பில்லை.

“நாம தோக்கவே மாட்டோம்னு சொன்னாங்களே!” என்றான் ஒரு வீரன். கட்டு அறுந்தால் என்ன செய்வது என்று அந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. பாவம், அவன் என்ன செய்வான்? கையிலிருந்த ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அவனைப் பார்த்து அடுத்தவன், அடுத்தவனைப் பார்த்து எல்லோரும். ஜனங்களும் காட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அரசன் தன் வாளை உருவி, யோருனின் கயிற்றை அறுத்துவிட்டான். “ஓடிப் போ. உன் கை உனக்கு” என்றான். கெட்டவனென்றாலும் அதையாவது செய்தான்.

ஓடியிருக்கலாம். யார் அவளைக் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் பின்தங்கித் தடுமாறுவதை அவள் பார்த்தாள். அந்த மரக்கட்டை மேலேயே ஏறி நின்று கத்தினாள்.

“ஓநாய் அவுந்துடுச்சு! இனி என்ன நடக்கும்னு எல்லாருக்கும் மறந்துபோச்சா?”

ஓடிய கால்கள் தயங்கின. நாக்குப் போய்விடும் என்று இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்த கதை அல்லவா! ஒரு மீனவன் திரும்பி நின்று, “ஓதின் முன்னால போவான்!” என்று கத்தினான்.

“போயி?”

“விழுவான்!” என்றாள் ஒருத்தி.

“விழுந்தா?”

“வீதார் வருவான்!” என்று ஊரே கத்தியது.

பிறகு எல்லோருடைய கண்ணும் ஹாரெக் மேல் திரும்பியது. கதைப்படி முன்னால் போக வேண்டியவன் யார்?

அரசனின் முகம் வெளுத்தது. அந்தக் கதை தன் சாவைச் சொல்கிறது என்றுதான் அவன் இதுவரை பயந்திருந்தான். அது தன் வேலையைச் சொல்கிறது என்பது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். தண்ணீரை நோக்கி நடந்தான்.

தனியாக ஒருவன் போவதைப் பார்த்த வீரர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்தார்கள். மீனவர்கள் துடுப்போடு வந்தார்கள். யோருன் வீட்டுக்கு ஓடி, தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று அந்தக் கரையில் பலர் செத்தார்கள், ஒருவரும் முதுகு காட்டவில்லை. நின்று அடிக்கிற ஊரில் கொள்ளைக்காரனுக்கு என்ன லாபம்? பொழுது சாய்வதற்குள் கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன.

ஹாரெக் மணலில் கிடந்தான். நெஞ்சில் ஈட்டி. யோருன் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“ஓநாய் என்னை முழுங்கிடுச்சு, யோருன்” என்றான்.

“ஆமா, ராசா” என்றாள் அவள். அவளுக்கு அழுகை வந்தது. “ஆனா நீங்கதான் முன்னால போனீங்க.”

அவன் கண் மூடியது.

பல தலைமுறை கழித்து அந்த நாட்டுக்கு வேறொரு வேதம் வந்தது. பழைய கோயில்கள் இடிந்தன. ஓதினுக்குப் படையல் போட ஆளில்லாமல் போயிற்று. கதையை மட்டும் யாராலும் இடிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்து மக்கள் இன்றைக்கும் புதன்கிழமையை ஓதினின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஆகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தோற்போம் என்று தெரிந்தும் நிற்கிறவனுக்குத்தான் வீரன் என்று பெயர்.