மச்சான் வாங்கிக்கொண்ட மடி

சடையப்பனுக்கு முதலில் துரோகம் செய்தவன் அவர் தங்கை புருஷன் மாசிலாமணி. இதைச் சொல்லாமல் சடையப்பன் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க மாட்டார். மலையடி மடத்துச் சாமியிடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். சாமி அவரைவிட இருபது வயது இளையவர்.

"தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் குத்துக்கல்லா நிக்கிறேன். அந்தப் பய பிள்ளையைத் தூக்கி ரைஸ்மில் முதலாளி மடியில உட்கார வச்சான், சாமி!"

"கேட்டீர்களா?"

"கேட்டேன். 'சாமியில்ல, சடங்கில்ல, மடின்னா எலும்பும் சதையும்தான்னு நீதானே மச்சான் ஊரெல்லாம் சொன்ன? எந்தச் சதையா இருந்தா என்ன'ன்னு சபையில சிரிக்கிறான்."

"நீங்கள் அப்படிச் சொன்னது உண்டா?"

"இன்னைக்கும் சொல்றேன். தொட்டுப் பார்க்க முடியாதது எதுவும் கிடையாது."

"அப்புறம்?"

"வேட்டி கொடுத்தான், இலை போட்டான். ஒண்ணும் குறையல. ஆனா ஒன்பது வருஷமா நெஞ்சு எரியுது. உடம்புக் கோளாறுதான். மூலிகை இருந்தா கொடுங்க."

"அன்றைக்குப் பிள்ளை என்ன எடை இருக்கும்?"

சடையப்பன் புளி மண்டியில் மூட்டை தூக்கியவர். யோசிக்கவே இல்லை. "பத்து கிலோ."

சாமி உள்ளே போய் ஓர் அரிசிப் பையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தார்.

"எடை சரியா?"

"சரிதான். எதுக்கு?"

"உங்களுக்கு வர வேண்டியது வந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம்."

சடையப்பன் பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"நீங்களுமா கேலி பண்றீங்க? இது அரிசி! ஊசி பட்டதும் இது வீல்னு கத்துமா? என் சட்டையைக் கொத்தாப் பிடிக்குமா? அழுது முடிச்சு என் தோள்லயே தூங்குமா?"

"அதெல்லாம் எத்தனை கிலோ?"

சடையப்பன் மெல்ல உட்கார்ந்தார்.

"மாசிலாமணி இப்போது வந்து நின்றால் என்ன கேட்பீர்கள்?"

"என் மடியைக் கேட்பேன்."

"அது உங்களிடம்தானே இருக்கிறது?"

சடையப்பன் குனிந்து பார்த்தார். வேட்டி மேல் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டார்.

"இல்ல சாமி," என்றார். "அது இன்னும் அவன் வீட்டுலதான் கிடக்கு."