சாமி கையைப் பிடித்தவள்

கரட்டுமடத்துச் சாமிக்கு, கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதென்றால் வேப்பங்காய். கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்வார். நெற்றியில் திருநீறு பூசுவார். அடுத்த ஆளிடம் போய்விடுவார். கேட்டவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பதிலைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொன்மணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய சிஷ்யை. பிள்ளை பிறந்த பிறகு இன்றுதான் மடத்துக்கு வருகிறாள். மகன் சிபி, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவன். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தேறி, இப்போது கன்னத்தில் சதை வைத்துவிட்டான். நுரையீரல் மட்டும் இன்னும் முழுசாகத் தேறவில்லை. மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை, புருஷன் தங்கராசுவின் தோள்பையில் இருக்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரில்.

வெளியே கொண்டுபோகலாம் என்று டாக்டரம்மா இப்போதுதான் சம்மதித்தார். ஆனால் புகை கூடாது, தூசி கூடாது, கன்னத்துக்குப் பவுடர்கூடக் கூடாது. நெருப்புப் பக்கம் தலைகாட்டவே கூடாது.

அதனால் பொன்மணி சாம்பிராணியும் கற்பூரத் தட்டும் எட்டாத தூரத்தில், வேலியோரமாக உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் சோப்பு. கழுவாத கை பிள்ளைமேல் பட அவள் விட்டதில்லை. சொந்தக்காரர்கள் 'சோப்புக்காரி' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

சாமி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அவளிடம் வந்தார். பின்னாலேயே திருநீற்றுத் தட்டோடு ஆறுச்சாமி. மடத்துச் சிஷ்யர்களிலேயே மூத்தவர், சாமியைவிடக் கண்டிப்பானவர்.

"வா அம்மணி. பையன் யாரு சாடை?"

"அவங்கப்பன் சாடைங்க சாமி. கோவம் மட்டும் என்னுது."

"சரி, கேளு."

"சாமி, இந்தப் பயம் எப்பங்க போகும்?"

"என்ன பயம்?"

"இவனுக்கு மூச்சு வாங்குனா, வாங்குதேன்னு பயம். சத்தமில்லாமத் தூங்குனா, ஏன் சத்தமே இல்லைன்னு பயம். ஒரு தும்மல் போட்டான்னா எனக்குக் கை கால் ஆடிப்போகுதுங்க. டாக்டரம்மா நல்லா தேறிட்டு வாரான்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் தேற மாட்டீங்குது. இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருந்துக்கிட்டு நான் இவனை எப்படிங்க வளத்துவேன்?"

சாமி தட்டிலிருந்து கை நிறையத் திருநீறு அள்ளினார்.

முதன்முதலாக வருகிற பிள்ளைக்கு உச்சியில் தூவி, நெற்றியில் பூசி, மிச்சத்தை முகத்தில் ஊதிவிடுவது அந்த மடத்து வழக்கம். பொன்மணிக்கே அவள் குழந்தையாக இருந்தபோது அங்கே ஊதியிருக்கிறார்கள்.

கை சிபியின் தலைக்கு மேல் வந்தது.

"வேண்டாங்க சாமி!"

சொல்லிய வாயோடு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தங்கராசுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏ புள்ள! யாரு கைன்னு தெரியுதா? விடு!"

அவள் விடவில்லை. ஆறுச்சாமி தட்டோடு முன்னால் வந்தார்.

"திருநீறு வேணாம்னு சொன்ன ஆளு இந்த மடத்துல இதுவரைக்கும் இல்லை, அம்மணி."

"திருநீறு வேணாங்கலீங்க. தூள்தான் வேணாம். இவன் நெஞ்சுக்கு ஆகாதுங்க."

"சாமி கையால குடுக்கறது ஆகாதா?"

"சாமி நெஞ்சுக்கு ஆகுமுங்க. இவன் நெஞ்சுக்கு ஆகாது."

எங்கோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாறியது.

சாமி தன் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"கையை விட்டயின்னா கழுவிட்டு வருவேன்."

பொன்மணி சட்டென்று விட்டாள். அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. ஆனாலும் மறு கை பைக்குள் போய்ச் சோப்பை எடுத்து நீட்டியது.

சாமி திருநீற்றைத் தட்டிலேயே கொட்டிவிட்டு, சோப்பை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். கையைப் பேருக்கு நனைத்துக்கொண்டு திரும்பினார்.

"விரல் இடுக்குலயுமுங்க," என்றாள் பொன்மணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தங்கராசு தலையில் கை வைத்துக்கொண்டான். சாமி மறுபடி குழாயைத் திறந்தார். இடுக்கில் தேய்த்தார். நகத்துக்கடியில் தேய்த்தார். முழங்கை வரைக்கும் நுரைத்துக் கழுவி, துண்டில் ஈரம் ஒற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப?"

"நெத்திங்க சாமி. குனிஞ்சா உதிரும்."

சாமி நெற்றியையும் துடைத்தார். வெறும் நெற்றியோடு அவரை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

"இந்தக் கோலத்தையும் நான் பாக்க வேண்டியதாப் போச்சே," என்றார் ஆறுச்சாமி.

"நல்லாத்தான்யா இருக்குது," என்றார் சாமி. "காத்தோட்டமா. தாடி, அம்மணி?"

"தாடி இருக்கட்டுங்க. கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்."

இப்போது கூட்டமே சிரித்தது. தங்கராசுகூடச் சிரித்தான், சாமி சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு.

சாமி உட்கார்ந்து கையை நீட்டினார். பொன்மணி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். குழாய் மடங்காமல் இழுத்துவிட்டாள். அவருடைய கையைத் தூக்கி, பிள்ளையின் கழுத்தடியில் வேண்டிய இடத்தில் வைத்தாள். சிபி அந்தப் புது முகத்தை உற்றுப் பார்த்தான். அப்புறம் எச்சில் கையால் அந்த வெறும் நெற்றியில் பளீரென்று ஒன்று வைத்தான்.

"பூசிட்டானுங்க," என்று சிரித்தாள் பொன்மணி.

"ஆமா. எனக்கு ஆச்சு. அடுத்த ஆளைப் பாக்கச் சொல்லு அவனை."

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வழக்கம்போல அப்படியே நகர்ந்தார். பொன்மணிக்கு மனசு கேட்கவில்லை.

"சாமி, நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லாமப் போறீங்களே. வீட்டுக்குப் போயி நான் யோசிக்கறதுக்கெல்லாம் இவன் எங்கீங்க விடறான்?"

சாமி திரும்பி வந்தார். வலது கையை அவள் முன்னால் நீட்டினார். மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"நீயே பாரு," என்றார். "இது பயந்தாங்கொள்ளி புடிச்ச புடியா?"