வரிசையில் நிற்காத எறும்பு

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, யார் எந்த இனம் என்பதே பெரிய குழப்பமாக இருந்தது. குளவி தன்னைத் தேனீ என்றது. கறையான் தன்னை எறும்பு என்று சொல்லிக்கொண்டு எறும்புப் புற்றுக்குள்ளேயே புகுந்தது. இதைத் தீர்த்துவைக்கத் தேரி என்கிற செம்மணல் காட்டுக்குப் பச்சோந்தி வந்தது. ஒரு அடி எடுத்து வைக்கவே ஆயிரம் யோசனை பண்ணுகிற ஆசாமி அது.

உச்சிவேளை. உடைமர நிழலில் உட்கார்ந்து, "எறும்புன்னா வரிசையில வரணும். இனமில்லாதவுகளுக்குத் தேரியில புத்து கெடையாது," என்று பச்சோந்தி சட்டம் போட்டது.

எறும்புகள் வரிசை கட்டின. செவத்தி என்ற எறும்பு மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தாள். காலையில் இரை தேடிப் போன அவள் தங்கைகள் திரும்பவில்லை. போகிற வழியில் வாசனையை விட்டுப்போய், அதைப் பிடித்துத்தான் எறும்பு வீடு திரும்பும். இந்த வெயிலில் வாசனை எங்கே நிற்கும்?

"அய்யா, என்னைய மொதல்ல பாத்து அனுப்பும். என் தங்கச்சிமாரு மணல்ல தெச தெரியாம கெடக்காளுவ."

"உன் மொற வரும். நில்லு."

"வெந்து போயிருவாளுவய்யா!"

"வரிசைய விட்டு ஒரு எட்டு வச்சே, ஒனக்கு இனமும் கெடையாது, வீடும் கெடையாது," என்றது பச்சோந்தி. ஒரு கண் அவள்மேல் இருந்தது. மறு கண் ஓர் ஈயின்மேல் இருந்தது.

செவத்தி வரிசையை விட்டு ஓடினாள்.

மணல் கொதித்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு எட்டி எட்டிக் கால் வைத்தாள். வாசனை துளிகூட இல்லை. ஓடுவாள், நின்று சூரியனைப் பார்த்துத் திசை குறித்துக்கொள்வாள், மறுபடி ஓடுவாள். ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் தங்கைகள் சுருண்டு கிடந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கவ்வி எடுத்துப் புற்றில் சேர்த்தாள். கடைசித் தங்கை மட்டும் அகப்படவில்லை.

சாயங்காலம் பச்சோந்தி புற்று வாசலுக்கு வந்து சேர்ந்தது. "நீ எறும்பு இல்ல. வெளிய போ."

"என் இடுப்பப் பாரும்! மீசையப் பாரும்!" என்று கத்தினாள் செவத்தி.

பார்த்தது. ஒடுங்கிய இடுப்பில் எறும்புக்கே உரிய முடிச்சு இருந்தது. மீசை முழங்கையைப் போல மடங்கியிருந்தது. பச்சோந்திக்கு வெட்கத்தில் நிறம் மாறியது. "எறும்புதான். வரிசைக்கு ஆகாத எறும்பு. எந்தக் குடும்பம்னு கேட்டா எறும்புக் குடும்பம்னு சொல்லு, அதுலயே தனிக் கிளையா இரு," என்றது. அதைக் கேட்கச் செவத்தி அங்கே நிற்கவில்லை.

அன்று முதல்தான் இடுப்பையும் மீசையையும் பார்த்து எறும்பை இனம் காண்கிறார்கள். தேரி எறும்பு வரிசையில் போகாததும் அன்று முதல்தான். மற்ற உயிரெல்லாம் நிழலுக்கு ஒதுங்குகிற உச்சி வெயிலில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஓடியும் நின்றும் மறுபடி ஓடியும், அந்தக் கடைசித் தங்கையை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.