பின்மதில்

அருளம்மையின் மடம் ஒரு காலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது. நகரம் வளர்ந்து அதைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு காடும் ஒரு குடியிருப்பு ஆனது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மதில், ஒரே வாசல். உள்ளே போகும் தெருக்கள் மதிலில் முட்டி நின்றன.

மடத்தை ஒட்டிய குடியிருப்புக்கு மட்டும் மடத்துப் பக்கம் மதில் இல்லாமல் திறந்து கிடந்தது. அங்கிருந்தவர்கள் பஸ்ஸுக்கு மடத்துத் தோட்டத்தின் குறுக்கே நடந்தார்கள். தியானம் கெடுகிறது என்றார் மூத்த சீடர் திருமாறன். அம்மை மறுக்கவில்லை. மடமும் ஒரு மதில் எழுப்பியது. ஆள் உயரத்துக்கு மேல். உச்சியில் கண்ணாடிச் சில்லு.

ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"பிள்ளைக்கு வலிப்பு வந்து இழுக்குது. யாராவது வண்டி கொண்டாங்களேன்."

பின்வீட்டுச் செண்பகவல்லி. கணவன் வேலைக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன.

திருமாறன் மடத்து வேனை எடுத்தார். மெயின் ரோட்டின் நடுவே தடுப்புச்சுவர். பாலம் வரை போய்த் திரும்பினார். குடியிருப்பின் வாசல் மறுகோடியில் இருந்தது. காவலாளி யார் வீட்டுக்கு என்று விசாரித்துவிட்டுக் கதவைத் திறந்தான். நுழைந்த தெரு மதிலில் முடிந்தது. அடுத்த தெருவும் அப்படித்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது.

மறுநாள் திருமாறன் குழந்தையின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து அம்மையின் முன் உட்கார்ந்தார்.

"குரல் கேட்டதுமே கிளம்பிட்டேன் அம்மா. எங்கேயும் நிக்கலை."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

அம்மை எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்மதிலுக்குப் போனார். குத்தத் தொடங்கினார். இரண்டு கல் பெயர்ந்தது.

"விடுங்கம்மா. ஆள் வச்சு இடிச்சுக்கலாம்."

அம்மை நிறுத்தவில்லை. திருமாறன் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். வெயில் சாயும்போது ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விழுந்தது. அதற்கப்பால் செண்பகவல்லி தன் வீட்டுப் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

திருமாறனின் கை ஓய்ந்தது.

"பிள்ளை போயிருச்சே அம்மா. இனிமே இந்த வழி யாருக்கு?"

அம்மை கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அவ நேத்துலேருந்து சாப்பிடலை. சோறு எடுத்துட்டு வா. சுத்திப் போனா ஆறிடும்."