கேபிளைப் பிடுங்கிய பிறகு

முபீனாவுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியறை. பழைய போனில் எடுத்து, இப்போது எதிலும் ஓடாத வீடியோக்களை ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது முபீனாவின் வேலை. அதற்கான பக்கத்தை பிரவுசரில் திறந்து வைத்துவிட்டு, நெட் கேபிளைப் பிடுங்கி, வீடியோ கொண்டுவந்தவர் கையில் கொடுத்துவிடுவாள். அவர்களே வீடியோவை அதில் போட்டு, அவர்களே பட்டனை அழுத்த வேண்டும். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும்.

"நெட்டே இல்லாம எப்படி டீச்சர் மாறும்?"

"எல்லாம் இந்த மிஷினுக்குள்ளயே நடக்கு அண்ணாச்சி. எதுவும் வெளிய போகாது."

"சரி. ஓட்டிப் பாக்காமக் குடுத்தா, சத்தம் சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"பாக்க வேண்டியவங்க பாத்துச் சொல்லுவாங்க."

சவரிமுத்துவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உதடும் குரலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அவர் ஒரு கேசட்டைக்கூட மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தவரில்லை.

ஒரு மதியம் தங்கபுஷ்பம் என்றொரு அம்மாள் வந்தார். கைக்குட்டையில் முடிந்த மெமரி கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் என் மக எடுத்தது. 'யம்மா, நீ தனியா இருக்கும்போது பாரு'ன்னா. அவ போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. பாக்கத் தெம்பு இல்லாமப் பீரோவுல வச்சிருந்தேன். இப்பப் பாக்கலாம்னா எந்த போன்லயும் ஓட மாட்டேங்கு."

"நாங்க யாரும் பாக்க மாட்டோம்மா" என்று முபீனா கேபிளை நீட்டினாள். அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பட்டனை அழுத்திவிட்டு மூவரும் வெளியே வந்தார்கள். தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முபீனா டீ வாங்கக் கீழே இறங்கினாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சவரிமுத்து சத்தமில்லாமல் உள்ளே போனார். ஆறு நிமிஷ வீடியோ, மாறி முடிந்திருந்தது. பத்து நொடி பார்த்தால் குடியா முழுகிவிடும்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டார்.

மஞ்சள் நைட்டியில் ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"யம்மா, நீ மட்டும்தான பாக்கே? பக்கத்துல யாரும் இல்லைல்ல?"

உதடும் குரலும் கச்சிதமாக ஒத்துப்போயின. திருப்தியோடு நிறுத்தப் போனார்.

பெண்ணின் சிரிப்பு நின்றது. கண்கள் மெல்லத் திரும்பி அவர் முகத்துக்கு வந்தன. சவரிமுத்து நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினார். கண்களும் இடப்பக்கம் நகர்ந்தன.

நிறுத்திவிட்டு வெளியே வந்தவர், முபீனா கொடுத்த டீயைக் குடிக்காமலே படியில் வைத்தார். தங்கபுஷ்பம் வீடியோவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

"நீ மட்டும்தான பாக்கேன்னு கேக்கா. ஆமா தாயீன்னேன். அப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. ஆறு நிமிஷமும் எனக்குப் பின்னால யாரையோ பாத்துக்கிட்டே இருக்கா. வீட்டுல நான் ஒத்தையிலதானம்மா இருக்கேன்? கடைசியா எம்புள்ள என்னதான் சொல்ல வந்தா?"

முபீனா சவரிமுத்துவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

கார்டிலிருந்து மறுபடி மாற்றினார்கள். தங்கபுஷ்பம் தனியாக உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து, இப்போதும் பேசவில்லை என்று தலையை ஆட்டினார்.

சவரிமுத்துவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா பாத்தேன். சத்தம் சரியா இருக்கான்னு பத்து நொடி. சத்தியமா வேற ஒண்ணும் மனசுல இல்ல." முபீனா பக்கம் திரும்பினார். "மிஷின்ல இருந்து எப்படியாவது அழிச்சிருங்க டீச்சர். நான் பாத்ததே இல்லேன்னு ஆக்கிருங்க."

"பிரவுசரை மூடினதுமே மிஷின்ல எதுவும் இல்ல அண்ணாச்சி. நெட்டுலயும் இல்ல. நீங்க பாத்தது எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

தங்கபுஷ்பம் திட்டவில்லை. போனை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு, சவரிமுத்துவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"யம்மா, நீ மட்டும்தான பாக்கே? பக்கத்துல யாரும் இல்லைல்ல?"

பிறகு சத்தமே இல்லை. கண்கள் திரும்பி வந்து சவரிமுத்துமேல் நின்றன.

"நான் என்ன செய்யட்டும் டீச்சர்?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? அந்தப் புள்ள நேத்துல இருந்து உங்ககிட்டதான் கேட்டுக்கிட்டு நிக்கா. பதில் சொல்லுங்க."